குறைந்த பிறப்பு எடையுடைய தளர்நடைக் குழந்தைகளின் வளர்ச்சி

குறைந்த பிறப்பு எடையுடைய தளர்நடைக் குழந்தைகளின் வளர்ச்சி என்பது, பிறக்கும்போது 2,500 கிராமுக்குக் குறைவான எடையுடன் இருந்த குழந்தைகள் ஒரு வயது முதல் மூன்று வயது வரையிலான பருவத்தில் அடையும் உடல் வளர்ச்சியையும் திறன் வளர்ச்சியையும் குறிக்கும். எடை, உயரம், தலைச் சுற்றளவு ஆகியவற்றின் பெருக்கம் உடல் வளர்ச்சி எனப்படும். நடத்தல், பேசுதல், கையாளுதல், பிறரோடு பழகுதல் முதலியவை திறன் வளர்ச்சியில் அடங்கும். இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை எனினும் ஒன்றல்ல. எடை நன்கு கூடிய குழந்தை பேச்சில் பின்தங்கியிருக்கலாம். மெலிந்த குழந்தை தன் வயதுக்குரிய யாவற்றையும் செய்யலாம்.

இந்தியாவில் 2019-21 ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, எடை பதிவு செய்யப்பட்ட பிறப்புகளில் ஏறத்தாழ 18 விழுக்காடு இவ்வகையைச் சேர்ந்தவை. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பெருகியதால் இக்குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் இன்று உயிர் பிழைக்கின்றனர். ஆனால் முதல் பிறந்தநாளுக்குப் பின், தடுப்பூசிகள் குறையும்போது மருத்துவமனைக்குச் செல்வதும் குறைந்துவிடுகிறது. குழந்தை தேறிவிட்டது என்று குடும்பம் கருதும் அந்தக் காலத்தில்தான் வளர்ச்சியின் போக்கு பெரும்பாலும் முடிவாகிறது.

வகைப்பாடு

உலக சுகாதார அமைப்பின் வரையறைப்படி 2,500 கிராமுக்குக் குறைந்தது குறைந்த பிறப்பு எடை, 1,500 கிராமுக்குக் குறைந்தது மிகக் குறைந்த பிறப்பு எடை, 1,000 கிராமுக்குக் குறைந்தது மிகமிகக் குறைந்த பிறப்பு எடை ஆகும்.

எடையை விட முக்கியமானது அதன் காரணம். 33 ஆவது வாரத்தில் 1,900 கிராம் எடையுடன் பிறந்த குழந்தை, தன் கருக்காலத்துக்கு ஏற்ற எடையுடையதே. அது முன்கூட்டிப் பிறந்துவிட்டது, அவ்வளவே. 39 ஆவது வாரத்தில் அதே 1,900 கிராம் எடையுடன் பிறந்த குழந்தை கருப்பையிலேயே போதிய ஊட்டம் கிட்டாமல் வளர்ச்சி குன்றியது. முதலாவது குறைமாதக் குழந்தை, இரண்டாவது நிறைமாதச் சிறு குழந்தை. நுரையீரல், விழித்திரை, மூளையின் முதிர்ச்சியின்மை சார்ந்த சிக்கல்கள் முதல் வகையில் மிகுதி. இரண்டாம் வகையில் உயரக் குறைவும், பிற்காலத்து நீரிழிவு, இதய நோய்கள் ஆகியவற்றுக்கான வாய்ப்பும் கவனத்துக்குரியவை. இரு குறைகளும் ஒருங்கே அமைந்த குழந்தைகளும் உண்டு. தெற்காசியாவில் நிறைமாதத்தில் சிறியதாகப் பிறப்போரின் பங்கு பிற பகுதிகளை விடக் கூடுதல். தாயின் சிறு வயதுக் கருத்தரிப்பு, இரத்தசோகை, மெலிவு, மகப்பேறுகளுக்கிடையே போதிய இடைவெளியின்மை ஆகியன இதன் காரணங்களுள் அடங்கும். குழந்தை சிறியதாக இருந்தால் பிரசவம் எளிதாகும் என்று கருதி, கருவுற்ற பெண்ணின் உணவைக் கடைசி மாதங்களில் குறைக்கும் வழக்கமும் தென்னிந்தியாவின் சில குடும்பங்களில் இருந்து வந்துள்ளது.

திருத்திய வயது

குறைமாதக் குழந்தையின் வளர்ச்சியை அதன் பிறந்தநாளிலிருந்து கணக்கிட்டால் தவறான முடிவே கிடைக்கும். பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிடப்படும் வயது திருத்திய வயது எனப்படும். எடுத்துக்காட்டாக, 32 வாரங்களில் பிறந்த குழந்தை 40 வாரக் கணக்குக்கு 8 வாரங்கள் முந்திப் பிறந்துள்ளது. நாட்காட்டியின்படி அதற்கு 14 மாதங்கள் ஆகும்போது திருத்திய வயது ஏறத்தாழ 12 மாதங்களே. அக்குழந்தை இன்னும் தனித்து நடக்கவில்லை எனில் அஞ்ச வேண்டியதில்லை. பொதுவாக இத்திருத்தம் இரண்டு வயது வரை செய்யப்படுகிறது.

தடுப்பூசிகளுக்கு இது பொருந்தாது. அவை நாட்காட்டி வயதின்படியே போடப்பட வேண்டும். நிறைமாதத்தில் சிறியதாகப் பிறந்த குழந்தைக்கும் திருத்திய வயது கிடையாது. குறைந்த எடையில் பிறந்த பிள்ளை எதையும் தாமதமாகத்தான் செய்யும் என்று பொதுப்படையாகச் சொல்லி ஆறுதல் கொள்வதால், உண்மையான குறைபாடுகள் காலங்கடந்து கண்டறியப்படுகின்றன.

உடல் வளர்ச்சி

ஐந்து மாதத்தில் பிறப்பு எடை இரட்டிக்கும், ஓராண்டில் மும்மடங்காகும், இரண்டாண்டில் நான்மடங்காகும் என்பது பாடநூல்களில் காணப்படும் எளிய வாய்பாடு. மூன்று கிலோவில் பிறந்த குழந்தைக்கு இது ஏறக்குறையப் பொருந்தும். 1,800 கிராமில் பிறந்த பெண் குழந்தைக்கு இதனைப் பொருத்தினால் ஓராண்டில் 5.4 கிலோ போதும் என்றாகிவிடும். ஆனால் உலக சுகாதார அமைப்பின் அளவீட்டின்படி ஒரு வயதுப் பெண் குழந்தையின் நடு எடை 8.9 கிலோ, 7.0 கிலோவுக்குக் கீழ் எடைக்குறைவு, 6.3 கிலோவுக்குக் கீழ் கடுமையான எடைக்குறைவு. வாய்பாட்டின்படி நன்றாக வளர்ந்ததாகத் தோன்றும் அக்குழந்தை உண்மையில் கடுமையான எடைக்குறைவில் உள்ளது. சிறியதாகப் பிறந்த குழந்தை தன் பிறப்பு எடையின் மடங்குகளால் அளக்கப்படக் கூடாது என்பதற்கு இது தக்க சான்று.

இதற்கெனப் பயன்படுவது வளர்ச்சி வரைபடம் ஆகும். உலக சுகாதார அமைப்பு 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பால் அருந்தி நற்சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்து, 2006 இல் புதிய வரைபடங்களை வெளியிட்டது. இந்தியாவில் புது தில்லிக் குழந்தைகள் இதில் இடம்பெற்றனர். நல்ல உணவும் நலவாழ்வும் கிடைத்தால் ஐந்து வயது வரை எந்த நாட்டுக் குழந்தையும் ஏறத்தாழ ஒரே போக்கில் வளரும் என்பது இவ்வாய்வின் முடிவு. நம் ஊர்ப் பிள்ளைகள் இயல்பிலேயே சிறியவர்கள் என்ற வாதம் இப்பருவத்துக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை.

வரைபடத்தில் ஒரு புள்ளியை விடப் பல புள்ளிகளை இணைக்கும் கோட்டின் சாய்வே பேசுகிறது. கீழ்க்கோட்டிலேயே இருப்பினும் அதற்கு இணையாக ஏறிவரும் குழந்தை வளர்கிறது. மேல் கோட்டில் இருந்து படிப்படியாகக் கீழிறங்கும் குழந்தை, இயல்பு எல்லைக்குள் இருந்தாலும் கவனிக்கத்தக்கது. இரண்டு வயதில் ஆண் குழந்தையின் நடு எடை 12.2 கிலோ, பெண் குழந்தைக்கு 11.5 கிலோ ஆகும். ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளில் மேற்கையின் நடுச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் அது கடும் ஊட்டக்குறைவின் அறிகுறி.

குன்றிய வளர்ச்சியை ஈடுசெய்யும் விரைவான வளர்ச்சி ஈட்டு வளர்ச்சி எனப்படுகிறது. நிறைமாதத்தில் சிறியதாகப் பிறந்தோரில் பெரும்பாலோர் இரண்டு வயதுக்குள் உயரத்தில் இயல்பு எல்லையை எட்டிவிடுவதாக மேலை நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. மிக முன்கூட்டிப் பிறந்தோருக்கு நான்கு வயது வரை ஆகலாம். தலைச் சுற்றளவு முதலிலும் எடை அதன் பின்னும் உயரம் இறுதியிலும் ஈடாவது வழக்கம். தலை வளர்ச்சி மூளை வளர்ச்சியின் புற அடையாளம் என்பதால், குறுகிய நாடா ஒன்றால் அரை நிமிடத்தில் முடியும் அவ்வளவீடு தவிர்க்கப்படக் கூடாது. நடைமுறையில் எடை மட்டுமே எடுக்கப்பட்டு ஏனைய இரண்டும் விடப்படுவது பரவலாகக் காணப்படும் குறை.

எப்போது, எவ்வகை எடை

மெலிந்து பிறந்த குழந்தையைக் கொழுகொழுவென ஆக்கிவிட வேண்டும் என்பது குடும்பங்களின் இயல்பான ஆவல். இதில் ஆய்வுகள் ஓர் எச்சரிக்கையை முன்வைக்கின்றன. புனே நகரைச் சார்ந்த ஊர்களில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் நடத்திய ஆய்வில், சராசரியாக 2.7 கிலோ எடையில் பிறந்த அப்பகுதிக் குழந்தைகள் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோவில் பிறந்தவர்களோடு ஒப்பிடப்பட்டனர். இந்தியக் குழந்தைகளின் தசையும் உள்ளுறுப்புகளும் பெரிதும் குறைந்திருந்தன; தோலடிக் கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த தோற்றமும் மிகுந்த கொழுப்பும் என இந்நிலை விவரிக்கப்பட்டது.

தில்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்தோரைப் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவுகள் 2004 இல் வெளியாயின. இளமையில் நீரிழிவோ அதன் முன்னிலையோ உற்றவர்கள், இரண்டு வயதுவரை மெலிந்திருந்து அதன் பின்னர் உயரத்துக்கு மிஞ்சிய எடையைத் தொடர்ந்து கூட்டியவர்களாகக் காணப்பட்டனர். பிரேசில், குவாத்தமாலா, இந்தியா, பிலிப்பைன்சு, தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் தரவுகளை ஒன்றிணைத்து 2013 இல் வெளிவந்த ஆய்வும் இதே திசையைக் காட்டிற்று. பிறப்பு எடையும் முதல் இரண்டாண்டுகளில் கூடும் உயரமும் வளர்ந்த பின்னர் நல்ல உயரத்தையும் கூடுதல் பள்ளிப் படிப்பையும் தருகின்றன. பிற்பட்ட ஆண்டுகளில் விரைவாக ஏறும் எடை, படிப்பில் பெரும் பயன் தராமல் உடற்பருமனுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வழிகோலுகிறது.

எனவே தளர்நடைப் பருவத்தின் முற்பகுதி வளர்ச்சியைத் துரிதப்படுத்த ஏற்ற காலம். அங்கும் நாடப்படுவது உயரமும் தசையும் தரும் உணவே. சர்க்கரை மிகுந்த பால், பிசுக்கோத்து, மால்ட்டுப் பானம் ஆகியன எடைக்கருவியின் முள்ளை நகர்த்தும். உயரத்துக்கு வேண்டிய புரதத்தையும் துத்தநாகத்தையும் போதிய அளவில் தருவதில்லை.

திறன் வளர்ச்சி

தமிழில் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை, குழந்தையின் வளர்ச்சியைப் பருவங்களாகப் பகுக்கிறது. கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை ஐந்தாம் மாதத்தையும், கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதத்தையும், தளர்நடையிட்டு வரும் வருகைப் பருவம் ஓராண்டை ஒட்டிய காலத்தையும் சார்ந்தவை. இக்கால மருத்துவம் வரையறுக்கும் வளர்ச்சிப் படிநிலைகளோடு இவை பெரிதும் ஒத்திருப்பது குறிப்பிடத்தக்கது. உலக சுகாதார அமைப்பின் ஆய்வில் குழந்தைகள் தனித்து நடக்கத் தொடங்கிய காலம் ஏறத்தாழ 8 மாதம் முதல் 18 மாதம் வரை பரந்திருந்தது. திருத்திய வயது 18 மாதத்துக்குப் பின்னும் நடை வராத குழந்தைக்கு மருத்துவ ஆய்வு தேவை. இரண்டு வயதில் இரு சொற்களை இணைத்துப் பேசாமை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, ஒரு கையை மட்டுமே பயன்படுத்தல், கால்களை விறைத்து நுனிவிரலால் ஊன்றல் ஆகியனவும் அவ்வாறே.

பேச்சுத் தாமதத்துக்குக் காதுகேளாமை காரணமாக இருக்கக்கூடும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை பிறந்தபோது செவிப் பரிசோதனையில் தேறியிருப்பினும், பேச்சு வராவிடில் மீண்டும் சோதிக்கப்பட வேண்டும். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய்க்கான ஆய்வு பிறந்த சில வாரங்களுக்குள் நடக்க வேண்டிய ஒன்று. தளர்நடைப் பருவத்தில் மாறுகண்ணும் கிட்டப்பார்வையும் கவனிக்கப்படுகின்றன.

கேரளத்தில் திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் மருத்துவர் எம். கே. சி. நாயர் குழுவினர் உருவாக்கிய திருவனந்தபுரம் வளர்ச்சித் தெரிவு அட்டவணை, இரண்டு வயது வரையிலான குழந்தைகளை 17 செயல்களைக் கொண்டு சில நிமிடங்களில் சோதிக்க உதவுகிறது. அங்கன்வாடிப் பணியாளரும் பயன்படுத்தத்தக்க எளிமை இதன் சிறப்பு. அது நோயைக் கண்டறியும் கருவி அன்று. யாரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதைக் காட்டும் சல்லடை மட்டுமே.

நெடுங்காலப் பின்தொடர்வுக்கு இந்தியாவில் சிறந்த எடுத்துக்காட்டு புனே கே. இ. எம். மருத்துவமனையில் மருத்துவர் சுதா சௌதரி தலைமையில் நடந்த ஆய்வு ஆகும். 1987-89 காலத்தில் 2,000 கிராமுக்குக் குறைந்த எடையில் பிறந்து, தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய குழந்தைகள் பதின்ம வயது வரை கவனிக்கப்பட்டனர். பன்னிரண்டு வயதில் அவர்களின் சராசரி அறிவுத்திறன் இயல்பு எல்லைக்குள்ளேயே இருந்தது. எனினும் இயல்பு எடையில் பிறந்தவர்களை விடக் குறைவு. கண்ணும் கையும் இணைந்து இயங்குவதிலும், வாசிப்பிலும், கணக்கிலும் தடுமாற்றம் கூடுதலாகக் காணப்பட்டது. வெளிப்படையான ஊனம் ஏதுமற்ற பிள்ளை வகுப்பில் ‘மந்தம்’ என்றும் ‘சோம்பேறி’ என்றும் பெயர் வாங்குவதன் பின்னே இத்தகைய வரலாறு இருக்கக்கூடும். மாணவரின் பிறப்பு எடையை எந்த ஆசிரியரும் கேட்பதில்லை.

உணவு

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் இணை உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்னும் பொதுவிதி இக்குழந்தைகளுக்கும் பொருந்தும். மிகக் குறைந்த எடையில் பிறந்தோருக்குத் தொடக்கத்தில் மருத்துவர் கூடுதல் சத்துகளைப் பரிந்துரைப்பதுண்டு. இரும்புச் சத்து கருவின் கடைசி மூன்று மாதங்களில் சேமிக்கப்படுவதால், முன்கூட்டிப் பிறந்த குழந்தை வெறும் பேழையுடன் வருகிறது. ஆகவே அதற்கு இரும்புச்சத்து மருந்து மற்றக் குழந்தைகளை விட முன்னதாகவே தொடங்கப்படுகிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் வாரம் இருமுறை ஒரு மில்லிலிட்டர் இரும்புச்சத்துப் பாகு வழங்க 2018 இல் தொடங்கிய தேசியத் திட்டம் வகைசெய்கிறது. தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள் என்பது ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின் கணிப்பு.

தளர்நடைக் குழந்தையின் இரைப்பை சிறியது. நீர்த்த கஞ்சியும் இரசம் சோறும் அதனை நிரப்பிவிடும், வளர்க்கா. குழைத்த சோற்றில் பாசிப்பருப்பும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் அல்லது நெய்யும், மசித்த முருங்கைக்கீரையும், முட்டையும் சேர்ந்தால் அதே கிண்ணம் பலமடங்கு பயன் தரும். முள் நீக்கிய சிறுமீன், வறுத்துப் பொடித்த நிலக்கடலை, கேழ்வரகுக் கூழ் ஆகியனவும் அவ்வாறே. நாளைக்கு மூன்று வேளை உணவோடு இரண்டு வேளை சிற்றுணவு தேவை. குறைமாதக் குழந்தைகளில் சிலர் கட்டியான உணவை மெல்லவும் விழுங்கவும் நெடுநாள் தயங்குவர். நீண்ட நாள் குழாய்வழி உணவு பெற்ற குழந்தைக்கு இது நேரக்கூடியது. மூக்கைப் பிடித்து ஊட்டுதல் தயக்கத்தை அச்சமாக மாற்றும்.

அடுத்த குழந்தை கருவுற்றவுடன் முதற் குழந்தைக்குத் தாய்ப்பாலும் கவனிப்பும் குறைந்து அது மெலிவதைத் தமிழில் ‘சவலை’ என்பர். ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்சு 1930களில் மருத்துவ உலகுக்கு அறிமுகம் செய்த ‘குவாசியோர்க்கர்’ என்னும் சொல்லும், அடுத்த பிள்ளை வரும்போது முந்திய பிள்ளைக்கு வரும் நோய் என்றே அந்நாட்டு மொழியில் பொருள்படும். சிறியதாகப் பிறந்த குழந்தை சவலையும் ஆனால் அதன் நிலை இருமடங்கு கடினமாகிறது. மகப்பேறுகளுக்கிடையே மூன்றாண்டு இடைவெளி இதனைத் தவிர்க்க உதவும்.

விளையாட்டும் தூண்டுதலும்

உணவு மட்டும் மூளையை வளர்ப்பதில்லை என்பதை யமேக்காவின் கிங்சுடன் நகரில் 1980களில் தொடங்கிய ஆய்வு நிறுவியது. உயரம் குன்றிய 9 முதல் 24 மாதக் குழந்தைகள் 129 பேரின் குடும்பங்களில் சிலருக்கு ஊட்ட உணவும், சிலருக்கு வாரந்தோறும் வீட்டுக்கு வந்து தாய்க்கு விளையாட்டு முறைகளைக் கற்பிக்கும் பணியாளரும், சிலருக்கு இரண்டும் இரண்டாண்டுகள் வழங்கப்பட்டன. ஊட்ட உணவின் பயன் பிற்காலத்தில் மங்கியது. விளையாட்டின் பயன் நிலைத்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின் அக்குழுவினரின் வருவாய் ஒப்பீட்டுக் குழுவை விட ஏறத்தாழ 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அதில் பயன்பட்டவை வீட்டிலேயே செய்த பொம்மைகளும் படப்புத்தகங்களும் பேச்சும்தான்.

தமிழக வீடுகளில் இதற்குப் பொருள் தேட வேண்டியதில்லை. கொட்டாங்குச்சி, மூடியுள்ள சிறு பாத்திரங்கள், கைவீசம்மா போன்ற பாடல்கள், நிலாவைக் காட்டிச் சோறூட்டும் பழக்கம் ஆகிய யாவும் பேச்சையும் கைத்திறனையும் வளர்ப்பவை. குழந்தை தானே எழுந்து நின்று தள்ளும் மரத்தாலான மூன்று சக்கர நடைவண்டி சமநிலையைப் பழக்குகிறது. அருகில் ஒருவர் இருந்தால் போதும். உட்காரவைத்து உருட்டும் சக்கர நடைப்பான் அதற்கு நேர்மாறானது. நுனிவிரலால் உந்தும் பழக்கத்தையும் விபத்துகளையும் கருதி மருத்துவர்கள் அதனைத் தவிர்க்கச் சொல்கின்றனர். கனடா 2004 இல் அதன் விற்பனையைத் தடை செய்தது.

தமிழ்நாட்டில்

தளர்நடைக் குழந்தையின் எடைப்போக்கை ஒரு மாநிலத் திட்டத்தின் மையமாக்கியதில் தமிழ்நாடு முன்னோடி ஆகும். உலக வங்கி உதவியுடன் 1980 இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 முதல் 36 மாதக் குழந்தைகள் மாதந்தோறும் எடை பார்க்கப்பட்டனர். எல்லோருக்கும் உணவு தருவதற்கு மாறாக, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் ஊட்ட உருண்டை வழங்கி, தேறியதும் நிறுத்துவது அதன் முறை. கடும் ஊட்டக்குறைவு குறைந்ததை மதிப்பீடுகள் காட்டின. மிதமான குறைவை அகற்றுவதில் அந்த அளவு வெற்றி கிட்டவில்லை. இரண்டாம் கட்டம் 1997 இல் முடிந்து, பணிகள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துடன் இணைந்தன.

1982 இல் தொடங்கிய சத்துணவுத் திட்டமும், 1987 முதல் வழங்கப்படும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும், 2022 இல் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டமும் இத்துறையின் பிற முயற்சிகள். பிறவிக் குறைகளையும் வளர்ச்சித் தாமதங்களையும் கண்டறிய 2013 இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் ஆரம்பகால இடையீட்டு மையங்கள் அமைந்தன. ஐந்து வயதுக்குட்பட்டோரில் உயரம் குன்றியோர் தமிழ்நாட்டில் 25 விழுக்காடு என்றும் இந்திய அளவில் 35.5 விழுக்காடு என்றும் ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வு தெரிவிக்கிறது. மருத்துவமனைப் பிரசவம் ஏறத்தாழ முழுமை பெற்ற ஒரு மாநிலத்தில், நால்வரில் ஒரு குழந்தை உயரம் குன்றியிருப்பது சிறிய செய்தி அன்று.

சீர்காழி வட்டாரத்தில்

காவிரிப் படுகையின் கடைக்கோடியில் அமைந்த சீர்காழி, 1991 வரை தஞ்சாவூர் மாவட்டத்திலும் பின்னர் நாகப்பட்டினம் மாவட்டத்திலும் இருந்து, 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. மூன்று வயதில் குளக்கரையில் அழுத திருஞானசம்பந்தருக்கு உமையம்மை பால் ஊட்டியதாகச் சைவ மரபு கூறுவது இவ்வூரில்தான். நெல் விளையும் நிலத்தில் குழந்தைக்கு உணவுக் குறை இராது என்று எண்ணத் தோன்றும். நெல் வயிற்றை நிரப்பும். பருப்பும் முட்டையும் மீனும் கூலியைப் பொறுத்தவை. மேற்கே வயல் ஊர்களில் கிடைக்காத மீன், பூம்புகார், திருமுல்லைவாசல், பழையாறு போன்ற கடற்கரை ஊர்களில் எளிதில் கிடைக்கிறது. ஒரே வட்டத்துக்குள்ளேயே குழந்தையின் தட்டு இவ்வாறு வேறுபடுகிறது.

குறுவை, சம்பா நடவிலும் களையெடுப்பிலும் பெண்களின் உழைப்பே பெரும்பங்கு. விடியுமுன் தாய் வயலுக்குச் செல்லும் வீடுகளில் குழந்தையின் பகல் உணவு பாட்டியிடமோ மூத்த பிள்ளையிடமோ விடப்படுகிறது. தாய்க்குத் தரப்படும் அறிவுரை மட்டும் இங்கே போதாது. ஊட்டுபவருக்கும் அது சேர வேண்டும். சிறப்புச் சிகிச்சை தேவைப்படும் குழந்தைகளுக்கு மயிலாடுதுறை, சிதம்பரம், தஞ்சாவூர் மருத்துவமனைகளே நாடப்படுகின்றன. பேருந்துக் கட்டணத்தை விட, அந்த ஒரு நாள் கூலியை இழப்பதே ஏழைக் குடும்பத்துக்குப் பெரிய தடை.

வடகிழக்குப் பருவமழை இத்தொடர்ச்சியை ஆண்டுதோறும் குலைக்கக்கூடியது. 2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 செ.மீ. மழை பெய்து வட்டாரமே வெள்ளத்தில் மூழ்கியது. இத்தகைய வாரங்களில் எடை பார்த்தலும் மருத்துவமனை வருகையும் நின்றுபோகும், வயிற்றுப்போக்கு பரவும், எடை குறைந்த குழந்தைக்கு ஒரு வார வயிற்றுப்போக்கே ஒரு மாத வளர்ச்சியைக் கொண்டுபோய்விடும். உப்பு-சர்க்கரைக் கரைசல், 14 நாள்களுக்குத் துத்தநாக மாத்திரை, நோயின்போதும் நிறுத்தாத உணவு, தேறிய பின் இரு வாரங்களுக்கு ஒரு வேளை கூடுதல் உணவு ஆகியன இதற்கு வகுக்கப்பட்ட முறை. பிறப்பு எடையும் கருக்கால வாரமும் குறித்த தாய்-சேய் நல அட்டை நீரில் கெடாமல் இருந்தால், அடுத்துப் பார்க்கும் மருத்துவரால் திருத்திய வயதைக் கணக்கிட முடியும்.